விண்டோஸ் 11 போட்ட பிறகு நாஸில் ஃபைல் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று சுற்றி, போட்டோ ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம், பத்திரம் எழுதும் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதை ஒட்டிப் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய இடமெல்லாம் ஒரே மாதிரி சந்தேகங்கள். அவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் 2, 4, 5 மூன்றையும் படித்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

1. நாஸ், நாஸ்னு சொல்லுதீங்களே, அது எங்க மேஜைக்குக் கீழ கெடக்க கறுப்புப் பெட்டியா?

அதேதான். உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க், பின்னால் ஒரு லேன் கேபிள், அது போய் ரவுட்டரில் செருகியிருக்கும். ஆபீஸில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் அதில் ஃபைல் போடலாம், எடுக்கலாம். ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க் செருகிப் பொதுவாகப் பயன்படுத்தினாலும் இந்தப் பக்கத்தில் உள்ளது பொருந்தும். பெட்டி எதுவானாலும் விண்டோஸ் அதனோடு பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். கீழே அந்தப் பெயர் அடிக்கடி வரும்.

மேஜைக்குக் கீழே, தரையில் வைத்திருந்தால் முதலில் அதை மேலே தூக்கி வையுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

2. அண்ணாச்சி, விண்டோஸ் 11 போட்டதுல இருந்து பெட்டிக்குள்ள ஒண்ணும் ஏற மாட்டேங்கு. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தானே போச்சு?

பெட்டி கெடவில்லை, கேபிளும் கெடவில்லை. விண்டோஸ் தன் நுழைவு விதிகளை மாற்றிவிட்டது. 2024 அக்டோபர் 1-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இரண்டு விஷயம் கட்டாயமானது. ஒன்று, பாஸ்வேர்டு இல்லாமல் 'கெஸ்ட்' என்று உள்ளே போவதை ப்ரோ பதிப்பும் நிறுத்திவிட்டது. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இது 2017-லிருந்தே உண்டு. இரண்டு, போகிற வருகிற ஒவ்வொரு தகவலிலும் கையெழுத்து இருக்க வேண்டும். இதற்கு சைனிங் என்று பெயர். வழியில் எவனாவது தகவலைத் திருத்தினால் கையெழுத்து பொருந்தாது, விண்டோஸ் உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைத்தான் பலர் கவனிப்பதில்லை. கையெழுத்துப் போடத் தேவையான சாவி, நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டிலிருந்துதான் உருவாகிறது. கெஸ்டாகப் போனால் பாஸ்வேர்டு கிடையாது, அதனால் சாவி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நம் ஊர் ஆபீஸ்களில் நாஸை வாங்கி வைத்த அன்றைக்கே 'எல்லோருக்கும் திறந்து விடு' என்று அமைத்திருப்பார்கள். அதனால்தான் அப்கிரேடு ஆன மறுநாள் எல்லாம் நின்றுபோனது. ஒரே ஆபீஸில் ஹோம் பதிப்பு லேப்டாப் ஃபைல் ஏற்றும், ப்ரோ பதிப்பு மறுக்கும் என்பதும் இதனால் நடக்கக்கூடியதுதான். சைனிங் கட்டாயம் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு வந்தது.

3. ஏதோ நம்பர் காட்டுது. எல்லா எரரும் ஒண்ணுதானா?

இல்லை. நம்பரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம். 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அனுமதியைத் தடுக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் நீளமாக வந்தால், அது 2-ஆம் பதிலில் சொன்ன கெஸ்ட் விவகாரம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏது நிறுவனம் என்று குழம்ப வேண்டாம், எல்லோருக்கும் அதே வாசகம்தான். 'கிரிப்டோகிராஃபிக் சிக்னேச்சர் இஸ் இன்வேலிட்' என்றால் சைனிங் சிக்கல். 80070035 என்று முடிந்தால் பெரும்பாலும் பெட்டி இருக்கும் இடமே தெரியவில்லை என்று அர்த்தம், 6-க்குப் போங்கள். கெஸ்ட் தடையாலும் இந்த எண் வரலாம். 8007003பி என்றால் பாதி வழியில் தொடர்பு அறுந்தது, 9-ஐப் பாருங்கள். 80070070 என்றால் டிஸ்கில் இடமில்லை, அவ்வளவுதான். 80004005 மட்டும் காரணம் எதையும் சொல்லாத பொதுவான எண். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

4. எங்க ஆபீஸ்ல மூணே பேரு. நமக்குள்ள எதுக்கு பாஸ்வேர்டு?

மூன்று பேரை நம்பலாம். அந்த மூன்று பேரின் கம்ப்யூட்டருக்குள் மெயில் வழியாக வரும் வைரஸை நம்ப முடியாது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், திறந்து கிடக்கும் நாஸையும் சேர்த்துத்தான் பூட்டும். பத்து வருஷக் கல்யாண ஆல்பமும், கட்சிக்காரர்களின் பத்திர நகலும் அதில் இருக்கிறதென்றால் யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிரவுசரில் நாஸின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண், மாதிரி 6-இல் உண்டு) அடித்து அதன் நிர்வாகப் பக்கத்தில் நுழையுங்கள். ஆளுக்கொரு யூசர் பெயர் உருவாக்கி பாஸ்வேர்டு கொடுங்கள். பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். அப்புறம் எந்த ஃபோல்டரில் யாருக்கு எழுதும் உரிமை என்று டிக் போடுங்கள். இதை மறந்தால் ஃபோல்டர் திறக்கும், ஃபைல் ஏறாது. கடைசியாக கெஸ்ட் கணக்கை மூடிவிடுங்கள். அட்மின் பெயரையே தினசரி வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

5. யூசர் போட்டாச்சு, பாஸ்வேர்டும் சரிதான். ஆனா தப்பு தப்புன்னே சொல்லுது.

மூன்று இடத்தில் பாருங்கள். கம்ப்யூட்டரைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுக்கிறீர்களா? அது அந்தக் கம்ப்யூட்டரோடு சரி, நாஸுக்குச் செல்லாது. நாஸில் நீங்கள் உருவாக்கிய பெயரும் பாஸ்வேர்டும்தான் வேண்டும். விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லியிருக்கும். அதனால் விண்டோஸ் முதலில் உங்கள் மெயில் முகவரியை நீட்டிப் பார்க்கும், பெட்டிக்கு அது யாரென்றே தெரியாது. 'யூஸ் எ டிஃபரன்ட் அக்கவுண்ட்' என்பதை அழுத்தி, நாஸ் பெயர், அடுத்து ஒரு பின்சாய்வுக் கோடு (\), அடுத்து யூசர் பெயர் என்று சேர்த்து அடியுங்கள்.

இரண்டாவது, கண்ட்ரோல் பேனலில் க்ரெடென்ஷியல் மேனேஜர், அதில் விண்டோஸ் க்ரெடென்ஷியல்ஸ். பழைய கெஸ்ட் நுழைவு அங்கே உட்கார்ந்திருக்கும். நாஸ் பெயரிலோ ஐபி எண்ணிலோ உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடக்குங்கள்.

மூன்றாவது, 1219 என்ற எண்ணோடு 'ஒரே சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் பெயரில் தொடர்பு' என்ற பொருளில் வரும் பிழை. ஃபோட்டோஸ் ஃபோல்டரை ஒரு பெயரிலும் கணக்கு ஃபோல்டரை இன்னொரு பெயரிலும் திறக்க முயன்றால் விண்டோஸ் விடாது. எல்லா மேப் டிரைவையும் (நாஸ் ஃபோல்டருக்கு இசட் போல ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்து வைத்தவை) துண்டித்துவிட்டு ஒரே பெயரில் மறுபடி இணையுங்கள்.

6. நெட்வொர்க்ல பெட்டியே தெரியலை. எரிஞ்சு போச்சோ?

பெட்டி தெரியாமல் இருப்பதும் ஃபைல் ஏறாமல் இருப்பதும் வேறு வேறு. முன்பெல்லாம் நெட்வொர்க் பட்டியலில் பெயர் தோன்றியது பழைய எஸ்எம்பி 1-இன் வேலை. அது இல்லாததால் பழைய பெட்டிகள் பட்டியலில் வருவதில்லை. ஆனாலும் அங்கேயேதான் இருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்பது போல உங்கள் நாஸின் எண்ணை நேரடியாக அடித்துப் பாருங்கள். திறந்தால் பிரச்சினை இல்லை, உள்ளே தெரியும் ஃபோல்டரை வலது கிளிக் செய்து மேப் செய்துகொள்ளுங்கள்.

எண்ணை அடித்தும் வரவில்லையென்றால் ரவுட்டர் அந்த எண்ணையே மாற்றியிருக்கலாம். கரண்ட் போய் வந்தால் இது நடக்கும். ரவுட்டர் அமைப்பில் நாஸுக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

7. எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுனா எல்லாம் சரியாயிரும்னு வீடியோல சொல்லுதாங்களே?

சில பழைய பெட்டிகளில் அது வேலை செய்யும். அதனால்தான் அந்த யோசனை இன்னும் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எஸ்எம்பி 1 என்பது 1980-களின் சரக்கு. 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் கம்பெனிகளையும் முடக்கிய வான்னாக்ரை, இதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த வருஷ இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐ மைக்ரோசாஃப்ட் படிப்படியாக விலக்கத் தொடங்கியது.

உங்கள் பெட்டிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும் என்று நினைப்பதற்கு முன் அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சினாலஜி கம்பெனிப் பெட்டியில் கண்ட்ரோல் பேனல், ஃபைல் சர்வீசஸ், எஸ்எம்பி, அட்வான்ஸ்டு என்று போனால் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு வரி இருக்கும். அதிகபட்சத்தை எஸ்எம்பி 3-க்கும் குறைந்தபட்சத்தை எஸ்எம்பி 2-க்கும் வையுங்கள். மற்ற பெட்டிகளிலும் இதேபோல ஓர் அமைப்பு இருக்கும். அப்படி எதுவுமே இல்லாத பழைய பெட்டி என்றால் அதன் காலம் முடிந்தது. உள்ளே இருப்பதைப் பத்திரமாக எடுத்துவிட்டுப் புதியது வாங்குவதுதான் சரி.

8. அப்போ அந்த சைனிங்கையாவது ஆஃப் பண்ணிக்கிடலாமா?

முடியும். ப்ரோ பதிப்பில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி, லோக்கல் பாலிசீஸ், செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் என்று போய், 'மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட்' என்று தொடங்கி 'ஆல்வேஸ்' என்று முடியும் டிஜிட்டல் சைன் வரியை டிசேபிள் செய்ய வேண்டும். கெஸ்டாகப் போக இது மட்டும் போதாது. குரூப் பாலிசியில் லான்மேன் ஒர்க்ஸ்டேஷன் என்ற பகுதியில் இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸையும் அனுமதிக்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, சரியாகவில்லையே என்கிறார்கள்.

என் கருத்து, பழைய பெட்டியிலிருந்து ஃபைல்களை வெளியே எடுக்கும் வரைக்கும் மட்டும், ஒரே ஒரு கம்ப்யூட்டரில் செய்யுங்கள். எடுத்து முடிந்ததும் இரண்டையும் பழையபடி வையுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கும் கடை என்றால் அதுகூட வேண்டாம்.

9. சின்ன ஃபைல் எல்லாம் போவுது. கல்யாண வீடியோ மட்டும் பாதியில நிக்குது.

இதற்கும் அப்கிரேடுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை, ஒரே நேரத்தில் கண்ணில் பட்டிருக்கும். முதலில் ஃபைல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 4 ஜிபியைத் தாண்டியதா? ரவுட்டரில் செருகிய டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது, உள்ளே எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. டிஸ்கில் உள்ளதை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு, ரவுட்டர் ஏற்கும் வேறு வடிவத்தில் ஃபார்மட் செய்ய வேண்டும்.

4 ஜிபி பிரச்சினை இல்லையென்றால் வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் செருகிப் பாருங்கள். பவர் அமைப்பில் தூங்கும் நேரத்தையும் பாருங்கள். அப்கிரேடு அதை மாற்றியிருந்தால், நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் தூங்கிவிடும், நகலும் நின்றுவிடும்.

அப்புறம் கேபிள். வேகம் விநாடிக்கு 11 எம்பியைத் தாண்டவே இல்லையென்றால் எங்கோ ஒரு ஜோடிக் கம்பி போயிருக்கலாம். எலி கடித்திருக்கும், அல்லது ஐப்பசி இடியில் போர்ட் அடி வாங்கியிருக்கும். எட்டுக் கம்பியும் நன்றாக இருந்தால் கிகாபிட் வேகம், விநாடிக்கு 110 எம்பி வரை வரும். 40 ஜிபி வீடியோவுக்கு முன்னது ஒரு மணி நேரம் எடுக்கும், பின்னது ஆறு நிமிஷம். ஒரு மணி நேரம் ஓடும்போது கரண்ட் போகவும் தூங்கவும் வாய்ப்பு அதிகம். நாஸ், ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

10. இங்கிலீஷ்ல பேரு வச்சா ஏறுது. தமிழ்ல வச்ச ஃபைல் மட்டும் ஏற மாட்டேங்கு. பெட்டிக்குத் தமிழ் தெரியாதா?

தெரியும். நீளம்தான் இடிக்கிறது. நாஸ் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அதில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் க, த போன்ற எழுத்துக்கு 3 பைட், அதன் மேல் ஏறும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியாக 3 பைட். 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, பெட்டிக்கு 36 பைட். அந்தச் சொல்லையே இடைவெளி விடாமல் ஏழு முறை எழுதினால் 252, எட்டாவது முறை இடமில்லை. விண்டோஸ் வேறு மாதிரி எண்ணுவதால் அதே பெயரை உங்கள் டெஸ்க்டாப் ஏற்றுக்கொள்ளும். முன்பு வெறும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஷேர் போட்டிருந்து, அப்கிரேடோடு நாஸுக்கு மாறியவர்களுக்கு இது திடீரென்று வருவது அதனால்தான்.

சில நாஸ்களில் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்தால் எல்லை இன்னும் சுருங்கி 143 பைட் ஆகிவிடும். 'நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் இரண்டாம் கேமரா' என்று ஒரு வீடியோவுக்குப் பெயர் வையுங்கள். எழுத்துக்கு 135, ஐந்து இடைவெளிக்கு 5, புள்ளியோடு சேர்ந்த .எம்பி4 வாலை ஆங்கிலத்தில் எழுதுவதால் 4, ஆக 144. ஒரே ஒரு பைட் கூடிப்போனதால் ஃபைல் நிற்கும். 'இரண்டாம்' என்பதை '2ஆம்' என்று மாற்றினால் ஏறிவிடும். தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டாம். கோவில், ஊர், தேதி ஆகியவற்றை ஃபோல்டர் பெயர்களில் பிரித்து வைத்துவிட்டு, ஃபைல் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்கிக்கொண்டே போனால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை எல்லையில் போய் முட்டும். நான்கைந்து அடுக்கோடு நிறுத்துங்கள்.

11. 'கோவில்'னு ரெண்டு ஃபோல்டர் இருக்கு. ஒரே இடத்துல ஒரே பேருல எப்படி ரெண்டு இருக்கும்?

ஸ்டுடியோவில் பழைய மேக் ஒன்றும் இருக்கிறதா? 'கோ' என்பதை க, ஓகாரக் குறி என இரண்டு குறியாகவும் எழுதலாம், க, கொம்பு, கால் என மூன்று குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் டிஸ்குகள் பிரித்து எழுதும். விண்டோஸில் அடித்தால் சேர்ந்து வரும். ஆர்சிங்க் போன்ற நகலெடுக்கும் கட்டளையால் மேக்கிலிருந்து நாஸுக்கு அனுப்பினால் பிரிந்த பெயரே போய்ச் சேரும், பெட்டி அதை வேறு பெயராக எண்ணும். எதையும் அழிக்காதீர்கள், இரண்டிலும் வேறு வேறு ஃபைல் இருக்கும். விண்டோஸில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி இரண்டில் உள்ளதையும் அதில் சேருங்கள்.

12. எக்ஸ்ப்ளோரர்ல இசட் டிரைவ் இருக்கு. டேலில பேக்கப் எடுக்கப் போனா இசட்டே இல்லைங்கு.

டேலியை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கிறீர்கள். விண்டோஸ் கணக்கில் சாதாரண நீங்கள் வேறு, அட்மினிஸ்ட்ரேட்டரான நீங்கள் வேறு. ஒருவர் மேப் செய்த டிரைவ் மற்றவருக்குத் தெரியாது. சாதாரணமாகத் திறங்கள். முடியாதென்றால் இசட் என்ற எழுத்துக்குப் பதில் 6-இல் சொன்னபடி முழு முகவரியைக் கொடுங்கள்.

13. ஜெராக்ஸ் மெஷின்ல ஸ்கேன் பண்ணுனா கம்ப்யூட்டர் ஃபோல்டர்ல வந்து விழும். இப்ப விழ மாட்டேங்கு.

பத்திர ஆபீஸ் பக்கத்துக் கடைகளில் அதிகம் கேட்ட கேள்வி. இங்கே திசை மட்டும்தான் மாறுகிறது, மெஷின் உங்கள் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டுகிறது. பழைய மெஷின் எஸ்எம்பி 1-இல் தட்டினால் விண்டோஸ் 11 திறக்காது. மெஷினுக்குப் புது ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) உண்டா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நாஸில் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் இன்னொரு வழி) வசதியை ஆபீஸுக்குள் மட்டும் திறந்து, மெஷினிலும் ஸ்கேன் டு எஃப்டிபி என்று மாற்றுங்கள். ஸ்கேன் நாஸில் விழும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். புது மெஷினாக இருந்தும் விழவில்லையென்றால், அதில் பதிந்து வைத்த யூசர் பெயர் அப்கிரேடில் மாறிப்போயிருக்கும், 5-ஐப் பாருங்கள்.

14. நாங்க கம்ப்யூட்டர்ல கையே வைக்கலை. நாஸ் பெட்டியைத்தான் அப்டேட் பண்ணுனோம். அச்சடிக்கிற மெஷினோட எக்ஸ்பி கம்ப்யூட்டர் நின்னுட்டு.

அதே கதை, எதிர்ப்பக்கத்திலிருந்து. நாஸ்களுக்குள் எஸ்எம்பி பேசுவதற்காக ஓடும் சம்பா மென்பொருள் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐ இயல்பாக அணைத்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாது. விண்டோஸ் 7 என்றால் எஸ்எம்பி 2 தெரியும், அது பிழைத்துக்கொள்ளும்.

மெஷினுக்கு எக்ஸ்பி கட்டாயம் என்றால் அந்தக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்தே கழற்றிவிட்டு, பென் டிரைவில் ஃபைல் கொண்டுபோங்கள். சிரமம்தான். ஆனால் ஒரு எக்ஸ்பிக்காக முழு ஆபீஸின் பெட்டியையும் 7-இல் சொன்ன ஆபத்துக்குத் திறந்து வைப்பது நியாயமில்லை.

15. கட் பண்ணி பேஸ்ட் பண்ணுனேன், பாதியில எரர் வந்துட்டு. ஃபைல் போயிட்டா?

பதறாதீர்கள். வேறு டிரைவுக்கு நகர்த்தும்போது விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலாக நகலெடுத்து, அது முடிந்த பிறகே பழையதை அழிக்கும். ஆகவே ஏறியவை நாஸில் இருக்கும், மீதி கம்ப்யூட்டரில் இருக்கும். நின்ற இடத்தில் இருந்த ஒரு ஃபைலை மட்டும் திறந்து சோதியுங்கள். இனிமேல் காப்பி மட்டும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

நிறைய ஃபைல் என்றால் விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளை நல்லது, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்று கவனம். ஒரு ஃபைல் ஏறாவிட்டால் அது இயல்பாகப் பத்து லட்சம் முறை, 30 விநாடிக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கும். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கும். மறுமுயற்சியை மூன்று, காத்திருப்பை ஐந்து விநாடி என்று குறைத்துக் கொடுத்துவிட்டு ஓடவிடுங்கள்.

16. இவ்வளவு கஷ்டத்துக்கு விண்டோஸ் 10-க்கே திரும்பிப் போயிரலாமா?

அப்கிரேடு செய்து 10 நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் 'கோ பேக்' இருக்கும். அதற்குப் பிறகு முழுதாக அழித்துத்தான் போட வேண்டும். திரும்பினாலும், நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யாத விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது. பதிவு செய்த வீட்டுப் பயனாளர்களுக்கும் அது 2026 அக்டோபர் 13 வரைதான். நாஸில் ஒரு யூசர் பெயர் உருவாக்க அரை மணி நேரம்கூட ஆகாது. முதலில் 4-ஐச் செய்து பாருங்கள். அதன் பிறகும் நின்றால் எரர் நம்பரின் போட்டோ, நாஸின் மாடல் எண், விண்டோஸ் ப்ரோவா ஹோமா என்ற விவரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.